சாயம் படிந்த இடத்தில் நொதி இருக்கிறதா? பெங்களூரு ஆய்வகத் தமிழர்களின் அனுபவங்கள்

தசை பயாப்சி ஆய்வகத்திலிருந்து:

நொதி இருக்கும் இடத்தைச் சாயமேற்றிக் கண்டுபிடிக்கும் முறைகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று, புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்காக உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

ஓசூர், தர்மபுரி பக்கத்துக் குடும்பங்கள் எங்களிடம் அதிகம் வருகின்றன. ஒருமுறை தர்மபுரிச் சிறுவன் ஒருவனின் தொடைத் தசை வந்தது. உறையவைத்த தசையை மெல்லியதாகச் சீவும் கிரையோஸ்டாட் கருவியில் வெட்டி, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள இரண்டு நொதிகளில் சைட்டோகுரோம் ஆக்சிடேஸுக்குப் பழுப்பு, அதன்மேல் சக்சினேட் டீஹைட்ரஜனேஸுக்கு நீலம் என்று இரட்டைச் சாயம் ஏற்றினோம். ஆக்சிடேஸ் வேலை செய்யும் இழைகள் பழுப்பாகவே நிற்கும். அது செயலிழந்த இழைகளில்தான் நீலம் துலங்கும். இவன் தசை முழுக்க நீலம். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்திருந்தால் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவைச் சந்தேகித்திருப்போம். எல்லா இழைகளும் ஒன்றுபோல் நீலமானால், செல் கருவிலுள்ள மரபணு பழுதாகி நொதி எங்குமே உருவாகாமல் போயிருக்கலாம். அல்லது பழுப்பு தரும் டைஅமினோபென்சிடின் கரைசல் கெட்டிருக்கலாம். முன்னது அந்தக் குடும்பத்தின் தலையில் விழும் இடி. பின்னது ஒரு பாட்டிலை மாற்றினால் தீரும் சங்கதி.

ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத தசைத் துண்டு ஒன்றையும் (கண்ட்ரோல்) வைப்பது எங்கள் மூத்த டெக்னீஷியன் அக்கா விடாப்பிடியாகக் காக்கும் வழக்கம். ஸ்லைடை அந்தப் பக்கம் நகர்த்தினார். அதுவும் நீலம்! "அறிக்கையில் கை வைக்காதீர்கள் டாக்டர், கரைசலை மாற்றிப் பார்ப்போம்" என்றார். புதுக் கரைசலில் இரண்டு துண்டுகளும் பழுப்பாயின. கண்ட்ரோல் இல்லாத ஸ்லைடை வைத்து ஒரு குழந்தைக்கு நோயின் பெயரைச் சூட்டுவது அநியாயம் என்பேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தசையை, திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டு அனுப்பும் மருத்துவமனைகள் இன்னமும் இருக்கின்றன. அதில் ஊறியபின் இந்த நொதிகள் வேலை செய்வதில்லை. குழந்தையை மறுபடியும் கத்திக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மல்லேஸ்வரத்திலிருந்து, முன்னாள் ஆராய்ச்சி மாணவி:

டாக்டர் சொன்னது நொதி இருந்தும் சாயம் பிடிக்காத கதை. நான் பார்த்தது நேர்மாறானது. அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதிக்கு கோமோரியும் தகமாட்சுவும் 1939-இல் தனித்தனியே கண்டறிந்த முறையில், நொதி விடுவிக்கும் பாஸ்பேட்டைக் கால்சியம் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறமற்ற அந்தப் படிவு கோபால்ட் உப்பும் அம்மோனியம் சல்பைடும் பட்டதும் கறுக்கும். எலியின் சிறுகுடலில் உறிஞ்சு செல்களின் மேல்விளிம்பு மை தீட்டியதுபோல் கறுத்தது. கூடவே செல் கருக்களும் கறுத்தன.

எங்கள் பேராசிரியர் ஒரு சோதனை செய்யச் சொன்னார். கொதிநீரில் நொதியைக் கொன்ற சீவல் ஒன்றை, நல்ல சீவலோடு முகத்துக்கு முகம் ஒட்டி அதே கரைசலில் வைத்தேன். செத்த சீவலின் கருக்களும் கறுத்துவிட்டன! ஆக, கறுப்பு வேறிடத்திலிருந்து பரவி வந்து கருவில் ஒட்டிக்கொண்டது. ஊறவைக்கும் நேரத்தைக் குறைத்ததும் கருக்கள் வெளுத்தன, மேல்விளிம்பு அப்படியே நின்றது. 1940-களில் இந்த நொதி கருவுக்குள் இருப்பதாகவே சிலர் எழுதியிருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்கு அவர்கள்மேல் கோபம் வருவதில்லை. கண்ணுக்கு அவ்வளவு தெளிவாகத்தான் தெரிகிறது.

குழந்தைகள் அறுவைப் பிரிவிலிருந்து:

பெருங்குடலின் கடைப்பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமல் பிறக்கும் ஹிர்ஷ்ஸ்பிரங் நோய்க்கு, மலக்குடல் பயாப்சியில் நரம்பிழைகளிலுள்ள அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதிக்குச் சாயமேற்றிப் பார்ப்போம். கார்னாவ்ஸ்கியும் ரூட்ஸும் 1964-இல் தந்த முறைதான். நோய் இருந்தால் சளிப்படலத்தில் பழுப்பு நரம்பிழைகள் தடித்து, நெருக்கமாகத் தெரியும். ஆனால் பிறந்து சில நாட்களே ஆன சிசுவில், நோய் இருந்தாலும் இழைகள் இன்னும் பெருகியிருக்காது. அதனால் பச்சிளம் குழந்தையின் ஸ்லைடு வெளிறி இருந்தால் எங்கள் பேத்தாலஜி மேடம் "நோய் இல்லை" என்று எழுதவே மாட்டார். பாரஃபின் மெழுகில் பதித்து வெட்டிய துண்டில் நரம்பணுக்களைத் தேடி, அவை இருந்தால் சாயம் காட்டும் கால்ரெட்டினின் ஆன்டிபாடியும் போட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுவார். அறிக்கை தாமதமாகிறது என்று பெற்றோர் தவிக்கும்போது அவர்களை உட்காரவைத்து இந்தக் காரணத்தைத் தமிழில் விளக்குவது என் வேலை.