சதவீத மாற்றங்களுக்குச் சராசரி எடுத்தால் இல்லாத பெருக்கம் தெரிவது ஏன்?

கேள்வி:
குழிப்பொறி (தரைமட்டத்தில் புதைத்த கிண்ணம்) வைத்து வண்டுகளை எண்ணி வருகிறேன். ஒரு திடலில் முதல் ஆண்டு 40 வண்டுகள் விழுந்தன, மறு ஆண்டு 80. இன்னொரு திடலில் 80 இருந்தது 40 ஆனது. இரண்டு ஆண்டுகளிலும் மொத்தம் 120தான். ஆனால் 100 சதவீத ஏற்றத்துக்கும் 50 சதவீத இறக்கத்துக்கும் சராசரி எடுத்தால், 25 சதவீதப் பெருக்கம் என்று வருகிறது. திரும்பத் திரும்பச் சரிபார்த்தும் பிழை அகப்படவில்லை.

மறுமொழி 1:
கணக்கில் பிழை இல்லை, அளவுகோலில்தான் கோணல். சதவீதம் தொடக்க எண்ணையே அடியாகக் கொள்வதால், ஏற்றத்துக்கு வரம்பில்லை, இறக்கமோ 100ஐத் தாண்டாது. பின் எண்ணை முன் எண்ணால் வகுத்து, இயல் மடக்கை (ln) எடுத்துப் பாருங்கள்: இரட்டிப்பு +0.693, பாதியாதல் −0.693, சராசரி சுழியம். மரபணு வெளிப்பாட்டை அளப்பவர்கள் 2ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையில் இவற்றையே +1, −1 என்று எழுதுவதும் இதனால்தான்.

ஆனால் இந்தச் சராசரி விகிதத்தைப் பேசுகிறதே தவிர, மொத்தத்தை அன்று. 1000 இருந்தது 500 ஆகி, 10 இருந்தது 20 ஆனாலும் சுழியமே வரும். மொத்தமோ 1010இலிருந்து 520க்கு விழுந்திருக்கும். காட்டுயிர்களின் நிலையைச் சொல்லும் WWF அமைப்பின் 2024ஆம் ஆண்டு வாழும் கோள் அறிக்கை (Living Planet Report) 1970க்கும் 2020க்கும் இடையே 73 சதவீத வீழ்ச்சி என்றபோது, அது கண்காணிக்கப்பட்ட முதுகெலும்பிக் கூட்டங்களில் ஏற்பட்ட சராசரி மாற்றத்தைக் குறித்தது. பலர் அதை, விலங்குகளில் 73 சதவீதம் அழிந்துவிட்டதாகப் படித்தார்கள்.

மறுமொழி 2:
ஒரு பொறியிலும் ஒன்றுமே விழாத திடல் இருந்தால், சுழியத்துக்கு மடக்கை இல்லாததால், இந்த வழி நின்றுவிடும். எல்லா எண்ணிக்கையோடும் 1 கூட்டுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 4 இருந்தது 0 ஆனால், 1 கூட்டினால் −1.61 வரும், 0.01 கூட்டினால் −5.99 வரும்; விடையைத் தீர்மானிப்பது வண்டுகள் அல்ல, நாம் கூட்டிய எண். எண்ணிக்கைகளை அப்படியே வைத்து, எண்ணிக்கைகளுக்கென்றே உள்ள புள்ளியியல் மாதிரிகளில் பொருத்துவதே நல்லது: பாய்சான் (Poisson) மாதிரி, அது எதிர்பார்ப்பதைவிடச் சிதறல் மிகுதியானால் எதிர்மறை ஈருறுப்பு (negative binomial) மாதிரி. அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள்: பொறிகள் எல்லா இடத்திலும் ஒரே அளவு இரவுகள் இருந்தனவா?

கேள்வி கேட்டவர்:
சுழியத் திடல் எதுவும் இல்லை. ஆனால் களக் குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் கவனித்தேன்: பொறிகளின் எண்ணிக்கை மாறவில்லை என்றாலும், முதல் திடலில் மறு ஆண்டு மட்டும் அவை 14 இரவுகள் இருந்திருக்கின்றன, மற்ற எல்லாம் 10 இரவுகள். இரவுக்கு 4 என்பது 5.7 ஆகியிருக்கிறது, நான் இரட்டிப்பு என்று எழுதியது உண்மையில் 43 சதவீத ஏற்றமே. மடக்கையில் அது +0.357. மற்றத் திடலின் −0.693உடன் சேர்த்தால் சராசரி −0.168, அதாவது ஏறத்தாழ 15 சதவீத இறக்கம்.