அயர்லாந்து மூதாதையரைத் தேடியவர்களின் அனுபவங்கள்

"அயர்லாந்தில் பழைய ஆவணங்கள் எல்லாமே எரிந்துவிட்டதாமே, இனித் தேடிப் பயன் உண்டா?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் உண்டு. என் கணவர் வீட்டார் மேயோ மாவட்டத்துக்காரர்கள். அவர்கள் வம்சத்தைத் தேடிய அனுபவத்தில் சொல்கிறேன்.

1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் அதில் போயின. 1861 முதல் 1891 வரை எடுத்தவற்றை அரசே அதற்கு முன்பே அழித்திருந்தது. அந்தத் தீக்கு முன் எடுத்தவற்றில் முழுசாக மிஞ்சியவை 1901, 1911 மட்டும்தான். இரண்டையும் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

எங்களுக்குத் துப்பு கிடைத்தது அங்கேதான். எள்ளுப்பாட்டிக்கு 1901இல் வயது 55. 1911இல் 70! நடுவில் வந்தது முதியோர் பென்ஷன். 1909 ஜனவரி முதல், 70 வயதான ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை கொடுத்தார்கள். ஆனால் எல்லோருக்குமான பிறப்புப் பதிவு 1864இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் வயதை எப்படி நிரூபிப்பது? அதனால் அதிகாரிகள் 1841, 1851 கணக்கெடுப்புகளைப் புரட்டிச் சரிபார்த்தார்கள். அப்படித் தேடிய படிவங்கள் இன்றும் இருக்கின்றன, அதே தளத்தில்.

பாட்டியின் படிவத்தில் அவருடைய அப்பா பெயர், அம்மா பெயர், டவுன்லேண்ட் (கிராமத்தைவிடவும் சிறிய நிலப்பிரிவு) எல்லாம் இருந்தன. கீழே வேறொருவர் கையெழுத்தில், 1851இல் வயது 5 என்று ஒரு குறிப்பு. அந்த முறை பென்ஷன் கிடைத்திருக்காது. ஆனால் 1840களின் அயர்லாந்துப் பெரும் பஞ்சத்தின்போது பிறந்து பிழைத்த குழந்தை அவர் என்பதற்கு எங்களிடம் இருக்கும் ஒரே சான்று அந்த வரிதான். அதைப் படித்ததும் மாமியார் அழுதுவிட்டார்.

டவுன்லேண்ட் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல் உண்டு. அப்புறம் 1847-1864 கிரிஃபித் மதிப்பீட்டில் (வரி போடுவதற்காக எடுத்த நிலக் கணக்கு) யார் எந்த நிலத்தை வைத்திருந்தார்கள் என்று பார்க்கலாம். குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும், மனைவி மக்கள் பெயர் இருக்காது. அதற்கும் முந்தைய தலைமுறைக்கு, 1820கள், 30களின் தசமபாக வரிப் (திருச்சபைக்குக் கட்டிய வரி) புத்தகங்கள். வரி, குத்தகை, பென்ஷன் என்று காசு கைமாறிய இடங்களில் முதலில் தேடுங்கள்.

கத்தோலிக்கக் குடும்பம் என்றால் இன்னொரு வழியும் உண்டு. தேவாலயப் பதிவேடுகள் அந்தந்தப் பங்குகளிலேயே (பாரிஷ்) இருந்ததால் தீயில் சிக்கவில்லை. தேசிய நூலகம் அவற்றை இணையத்தில் போட்டிருக்கிறது. ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்பவர்கள்) பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சொந்தக்காரர்களாகவே இருப்பார்கள்.

*

மேலே எழுதிய சகோதரிக்கு நன்றி. நான் பெரம்பூர் ஆங்கிலோ-இந்தியன். எங்கள் மூதாதை அயர்லாந்தின் கார்க்கிலிருந்து வந்த கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய். மதராஸ் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளுக்கு நகலெடுத்து லண்டனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவருடைய திருமணப் பதிவு அங்கேதான் கிடைத்தது. கார்க்கில் எந்தப் பங்கு என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. அந்தப் பக்கம் தேடியவர்கள் இருந்தால் எங்கே தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.