க்ரீப்: தவழ்வா, தொய்வா, ஊர்வா?

பெருந்துறையிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கமுங்க.

பாலிடெக்னிக் இரண்டாமாண்டு சிவில் பிள்ளைகளுக்குப் பொருள் வலிமைப் பாடத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்ட்ரெஸுக்குத் தகைவு (ஓர் அலகு பரப்பில் வரும் விசை), ஸ்ட்ரெயினுக்குத் திரிபு (ஓர் அலகு நீளத்துக்கு வரும் நீள மாற்றம்). இரண்டும் பள்ளி இயற்பியல் புத்தகத்திலேயே நிலைத்துவிட்டன, சண்டை இல்லை. ("பால் திரிஞ்சு போறதுதானுங்க சார்?" என்று வருஷத்துக்கு ஒருவன் கேட்பான். அதே திரிதல்தான், இருந்த நிலை மாறுவது.) முட்டிக்கொண்டது க்ரீப்பில் (சுமை மாறாமலே நாளடைவில் திரிபு கூடிக்கொண்டே போவது). பழைய குறிப்பு ஒன்றில் 'தவழ்வு' என்றிருந்ததை அப்படியே பலகையில் எழுதினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்ப கான்கிரீட்டு எப்பங்க சார் எந்திரிச்சு நடக்கும்?" அன்றைக்கு வகுப்பு அதோடு போச்சு.

சொல் எதற்கு வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சென்னிமலைப் பக்கம் எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீடு ஓட்டு வீடு. பனஞ்சட்டம், நாட்டு ஓடு. நான் சின்னப் பையனாக இருந்தபோது மோட்டுவளை நூல் பிடித்த மாதிரி இருக்கும். இன்றைக்கு வாசலில் நின்று பார்த்தால் நடுவில் குழிந்து, கிழட்டு எருமை முதுகு போலக் கிடக்கிறது. யாரும் ஓடு கூட்டவில்லை. பூசணிக்கொடிகூட ஏற்றவில்லை. கரையானும் இல்லை, தட்டிப் பார்த்துவிட்டேன். சுமை அதேதான், திரிபு மட்டும் வருஷா வருஷம் கூடியிருக்கிறது. 1678-ல் ஹூக் வெளியிட்ட விதியில் இழுப்புக்கு ஏற்ற நீட்சி உண்டு, காலத்துக்கு இடம் கிடையாது. சுமை வைத்த நொடியில் கணக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பதற்குத்தான் பேர் கேட்கிறேன்.

—

கோபியிலிருந்து:

தம்பி, இதுக்கு இத்தனை யோசனை எதுக்கு? 'தொய்வு' என்று வைத்துவிடுங்கள். கொத்தனாரிலிருந்து வீட்டுக்காரர் வரைக்கும் புரியும். பொதுப்பணித் துறையில் இருந்த காலத்தில் நான் அதிகம் கேட்ட புகாரே "தார்சு (கான்கிரீட் கூரைத் தளம்) தொஞ்சு போச்சுங்க" என்பதுதான்.

போய்ப் பார்த்தால் பாதி இடத்தில் ஒரே கதை. அடுத்த வீட்டு வேலைக்கு முட்டு வேண்டும் என்று சென்ட்ரிங்காரர் அவசரமாகப் பிரித்திருப்பார். ஐ.எஸ். 456 (இந்தியக் கான்கிரீட் விதிநூல், 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு) தெளிவாகச் சொல்கிறது: கண் அகலம் (தாங்கல்களுக்கு இடையிலான தூரம்) நாலரை மீட்டர் வரையுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் போனால் 14 நாள். உத்தரத்துக்கு 6 மீட்டர் வரை 14, தாண்டினால் 21. இளங்கான்கிரீட்டின் தலையில் சுமையை வைத்தால் அது வாழ்நாள் முழுக்க அதற்கு வட்டி கட்டும். சொல்லை விடுங்கள், இதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

—

பெருந்துறையிலிருந்து:

> 'தொய்வு' என்று வைத்துவிடுங்கள்.

அய்யா, முட்டுக் கணக்கை அப்படியே பாடத்தில் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் தொய்வு என்பது கண்ணுக்குத் தெரியும் விளைவு. கிடையாகக் கிடக்கிற பொருள் வளைந்தால்தான் தொய்வு. நிமிர்ந்து நிற்கிற தூணை என்ன செய்வது?

எம் 20 கான்கிரீட் (சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் வலிமை), 3 மீட்டர் உயரத் தூண், தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 5 நியூட்டன் என்று வையுங்கள். அதே ஐ.எஸ். 456 சூத்திரப்படி மீட்சிக் குணகம் (தகைவைத் திரிபால் வகுத்தால் வருவது) ஏறக்குறைய 22,360. சுமை ஏறியதும் தூண் 0.67 மி.மீ. குறுகும். 28-ஆம் நாள் சுமை ஏற்றியிருந்தால் க்ரீப் கெழு (முதலில் வந்ததைப் போல் பின்னால் வருவது எத்தனை மடங்கு என்பது) 1.6, ஆக நாளடைவில் இன்னும் 1.07 மி.மீ. குறுகும். பின்னால் வருவது முன்னால் வந்ததை விடப் பெரிது! 7-ஆம் நாளே ஏற்றினால் கெழு 2.2, ஒரு வருஷம் கழித்து ஏற்றினால் 1.1. நீங்கள் சொன்ன வட்டி இதுதானுங்க அய்யா. இத்தனையிலும் தூண் எங்கேயும் தொய்யவில்லை, நிமிர்ந்தபடியே குட்டையாகிறது.

தூணை விட முன்னழுத்தக் கான்கிரீட்டில் (உள்ளே கம்பியை இழுத்துப் பூட்டி அழுத்தி வைத்த கான்கிரீட்) இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பிரான்சில் ஃபிரெஸினே என்ற பொறியாளர் 1910-களின் தொடக்கத்தில் அலியே ஆற்றின் மேல் வெர்த்ர் என்ற ஊரில் வளைவுப் பாலம் கட்டினார். திறந்தபோது சரியாக இருந்த வளைவுகளின் உச்சி மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே வந்தது. கான்கிரீட் கெட்டியான பிறகு அதன் குணகம் மாறாது என்று படித்தவர்கள் நம்பிய காலம். அவர் ஜாக்கி வைத்து வளைவுகளைத் தூக்கி நிறுத்தினார். கான்கிரீட் காலத்தோடு குறுகுகிறது என்ற பாடத்தையும் அங்கேயே கற்றார். 1928-ல் அவர் எடுத்த முன்னழுத்தக் காப்புரிமையில் உயர்வலிமைக் கம்பிதான் வேண்டும் என்று நின்றதற்கு வேர் அந்தப் பாலம்.

ஏன் என்று மேலே உள்ள எண்களை வைத்தே போட்டுப் பார்க்கலாம். சாதாரணக் கம்பியைச் சதுர மில்லிமீட்டருக்கு 140 நியூட்டன் தகைவுக்கு இழுத்துப் பூட்டினால் அதன் நீட்சித் திரிபு 0.0007. கான்கிரீட்டின் க்ரீப் 0.00036, காய்ந்து சுருங்குவது 0.0003, ஆக 0.00066. இழுத்த இழுப்பு ஏறக்குறைய முழுவதையும் கான்கிரீட் தின்றுவிட்டது! 1,000 நியூட்டனுக்கு இழுத்த உயர்வலிமைக் கம்பியில் நீட்சி 0.005. தின்றது போக மிச்சம் நிறைய நிற்கும். (முன்னழுத்தத்துக்கு எம் 20 போடமாட்டார்கள் என்று யாரும் மடல் போட வேண்டாம். எனக்கும் தெரியும், கணக்கு புரிவதற்காகச் சொன்னேன்.)

இங்கே தொய்வு எங்கே இருக்கிறது? கம்பி தளர்கிறது, கான்கிரீட் குறுகுகிறது. தொய்வு என்று பேர் வைத்தால் பையன் தூணிலும் முன்னழுத்தத்திலும் க்ரீப்பைத் தேடவே மாட்டான்.

தொய்வாகவே முடிந்த கதையும் உண்டு. பசிபிக்கில் பலாவு தீவுகளில் 1977-ல் 241 மீட்டர் கண்ணோடு ஒரு கான்கிரீட் பாலம் கட்டினார்கள். வருஷங்களில் நடுப்பகுதி ஒரு மீட்டருக்கு மேல் தொங்கியது. செப்பனிட்டு முடித்த சில மாதங்களில், 1996 செப்டம்பரில், விழுந்தது. இரண்டு உயிர் போயிற்று. விழுந்ததற்கு க்ரீப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தொங்கியதற்குச் சொல்லலாம்.

—

காங்கேயத்திலிருந்து:

தம்பிக்கு வணக்கம். எனக்குக் கட்டடம் தெரியாது, தமிழ் சொல்லிக் கொடுப்பவள். உங்கள் கணக்கைத் தாண்டிக் குதித்துக் கடைசிக்கு வந்துவிட்டேன்.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தேன். ஜெர்மன்காரர்கள் ஆங்கிலம் போலவே ஊர்ந்து போவதைச் சொல்லும் சொல்லை எடுத்திருக்கிறார்கள். பிரெஞ்சில் ஒழுகிப் போவதைச் சொல்லும் சொல். பொருள் நயம் பார்த்தால் பிரெஞ்சு அழகு. ஆனால் நம் ஊரில் "தார்சு ஒழுகுது" என்று சொன்னால் பூச்சு வேலைக்காரர் வாளியோடு வந்து நிற்பார்.

'தவழ்வு' தவறியது ஊர்தலைப் பிள்ளையின் தவழ்தலாக எடுத்துக்கொண்டதால். தவழ்வதற்குக் கை கால் வேண்டும், போய்ச் சேர ஒரு இடமும் வேண்டும். ஊர்வதற்கு அதெல்லாம் வேண்டாம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறோமே, அதில் உங்களுக்கு வேண்டிய மூன்றும் இருக்கிறதா பாருங்கள்: சிறு பாரம், நெடுங்காலம், மாறவே மாறாது என்று நாம் நினைத்த கல். 'ஊர்வு' என்று வைக்கலாம். வினையும் கையோடு வருகிறது: ஊர்கிறது, ஊர்ந்தது, ஊரும். பேராக மட்டும் நின்று வினையாக மாட்டாத கலைச்சொல் வகுப்பறையோடு செத்துப்போகும்.

—

திருப்பூரிலிருந்து:

அண்ணா, டீச்சர், ரெண்டு பேருக்கும் வணக்கமுங்க. சைட்ல நிக்கறவன் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

'ஊர்வு' எழுத்துல நல்லாத்தான் இருக்கு. வாய்ல சொன்னா 'ஊறுது'ன்னுதான் விழும். எங்க வேலையில ஊறுறது தினப்படி சமாச்சாரம். தளத்துல பாத்தி கட்டித் தண்ணி விட்டா "நல்லா ஊறட்டும்"பாங்க. பலகை ஊறிப் புடைச்சுக்கும், செங்கல்ல ஊறப் போடுவோம். "கான்கிரீட்டு ஊருது"ன்னு நான் சொன்னா "சந்தோசமுங்க, இன்னும் ரெண்டு கொடம் ஊத்தறேன்"பாரு மேஸ்திரி.

இன்னொண்ணு. சாரத்துப் பலகை மேல நடந்தா 'சவளுது'ன்னு சொல்லுவோம். எறங்கிட்டா நேராயிரும். அந்தச் சொல்லை விட்டுட்டீங்களே? நீங்க கேக்கறது எறங்கினாலும் நேராகாத சவளல்தானே?

—

பெருந்துறையிலிருந்து:

தம்பி, உங்கள் மடல் வந்து நாலு நாளாகப் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. 'ஊறுது' விவகாரத்தை வகுப்பில் வைத்துப் பார்த்தேன்.

முதலில் சவளுதல். இத்தனை நாள் எனக்குத் தோன்றாமல் போனதே! சுமை வைத்ததும் வளைந்து, எடுத்ததும் நிமிர்வது, அதாவது மீட்சிக்குள் நிற்கும் விலக்கம். உத்தரப் பாடத்தில் அதை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் க்ரீப் என்பது திரும்பாத சவளல் மட்டும் அல்ல. எடையைத் திடீரென்று கூட்டிக் கம்பியை வளைத்தாலும்தான் அது திரும்பாது. அங்கே குற்றவாளி சுமை, இங்கே காலம். அந்தக் காலம் சொல்லுக்குள் இருக்க வேண்டும். சவளலில் அது இல்லை, ஊர்தலில் இருக்கிறது.

அடுத்து காது. பலகையில் எதையும் எழுதாமல் வாயால் மட்டும் சொல்லி, பிள்ளைகளை எழுத வைத்தேன். "கான்கிரீட் ஊருது" என்றதற்குப் பாதிப் பேர் 'ஊறுது' என்று எழுதினார்கள். நீங்கள் சொன்னது சரி. "கான்கிரீட் ஊர்ந்திருக்கு" என்றதற்கு ஒருவர்கூடத் தவறவில்லை. ஊறியிருக்கு, ஊர்ந்திருக்கு: இறந்தகாலத்தில் தமிழே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. ஊறல், ஊர்வு என்று பேர்ச்சொல்லிலும் சிக்கல் இல்லை. நிகழ்காலத்தில் மட்டும்தான் மேஸ்திரி குடம் எடுப்பார். சைட்டில் நாம் பார்ப்பதும் பேசுவதும் எப்போதும் நடந்து முடிந்த ஊர்வைத்தானே? நடந்துகொண்டிருப்பதைப் பார்க்க யாருக்குப் பொறுமை!

இன்னொரு காரணமும் 'ஊர்வு' பக்கம் சாய்க்கிறது. இந்தச் சொல் கான்கிரீட்டுக்கு மட்டும் போதாது. மேட்டூர் அனல்மின் நிலையம் மாதிரி இடத்தில் சூடேறிய நீராவியை வருஷக்கணக்கில் அடக்கி வைத்திருக்கும் எஃகுக் குழாய் மெல்லப் பெருக்கிறதே, அதற்கும் வேண்டும். குளிர்ந்த எஃகு கண்ணுக்குத் தெரிய ஊராது, சூட்டில் ஊரும். ஈயத்துக்கு அந்தச் சூடுகூட வேண்டாம், 327 டிகிரியிலேயே உருகிவிடுவதால் நம் வீட்டு வெப்பமே அதற்குப் போதும். நீலகிரிச் சரிவில் மண் மெல்ல மெல்லக் கீழே இறங்குவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். மண்ணும் எஃகும் கான்கிரீட்டும் தொய்யும் என்று ஒரே மூச்சில் சொல்ல வரவில்லை, ஊரும் என்று சொல்ல வருகிறது.

கோபி அய்யா, தொய்வு போகவில்லை. ஊர்வால் வரும் தொய்வு என்று உங்கள் சொல் பக்கத்திலேயே நிற்கும். தளத்தின் கடைசி விலக்கம் கண் அகலத்தில் 250-ல் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதியில் ஊர்வும் சுருக்கமும் சேர்ந்தே கணக்காகின்றன என்பதை அந்த இடத்தில் எழுதுகிறேன்.

பாடத்தில் போடப்போவது: ஊர்வு (மாறாத சுமையின் கீழ், காலப்போக்கில் கூடிக்கொண்டே போகும் திரிபு), ஊர்வுத் திரிபு, ஊர்வுக் கெழு, ஊர்வு முறிவு.

எடுத்துக்காட்டுக்கு அமுச்சி வீட்டு மோட்டுவளையோடு எங்கள் அப்பாரு (தாத்தா) சொன்னதையும் சேர்க்கிறேன். கவலை (மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைப்பது) ஓட்டிய காலத்தில் புது வடக்கயிறு பூட்டினால் முதல் சில நாள் நீண்டுகொண்டே போகுமாம், ஏற்றி ஏற்றிக் கட்டுவாராம். பிறகு நீளுவது அடங்கிவிடும். நைந்து அறுந்துபோகிற கடைசி நாட்களில் மறுபடியும் சட்டென்று நீளும். ஊர்வு வளைகோட்டின் மூன்று கட்டத்தையும் ஒரு வடக்கயிறு காட்டிவிட்டது.

ஆனால் அந்தக் கயிற்றை நினைத்ததில் இன்னொரு சிக்கல் வந்து உட்கார்ந்துகொண்டது. கயித்துக் கட்டல். இழுத்துப் பின்னிய கட்டலை யாரும் படுக்காமல் சாத்தியே வைத்தாலும் இறுக்கம் குறைந்துவிடுகிறது, கால்மாட்டில் மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். அங்கே சட்டம் அசையவில்லை, அதனால் நீளம் மாறவில்லை, தகைவுதான் வடிகிறது. இது ஊர்வு இல்லை, அதன் பங்காளி. ஆங்கிலத்தில் ரிலாக்ஸேஷன் என்பார்கள். 'தளர்வு' என்று எழுதி வைத்திருக்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு தளர்வு என்றால் பிள்ளைகளுக்கு ஊரடங்குதான் ஞாபகம் வருகிறது. காங்கேயத்து அக்கா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க.