ஸ்னோஷூ: பனிக்காலணியா, பனிப்பரம்பா?

காரைக்குடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். குளிர்கால மலைநடைக் கையேட்டின் தமிழாக்கம் ஒரே ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஸ்னோஷூ. இதுவரை 'பனிக்காலணி' என்று போட்டு ஓட்டியாயிற்று. ஆனால் கட்டும் முறையைச் சொல்லும் பத்தியில் அது உடைந்துவிடுகிறது: 'நீர் புகாத பனிக்காலணியைப் போட்டு, அதன்மேல் பனிக்காலணியைக் கட்டவும்.' இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் கம்பளி வைத்த பூட்ஸைத்தான் வாங்கி வருவார். அதற்கும் நமக்கு ஒரு பெயர் வேண்டும், பனிக்காலணி என்பது அதற்கே பொருந்தும்.

நாம் பெயர் தேடும் பொருள் காலணியே அல்ல. பூட்ஸுக்கு அடியில் கட்டிக்கொள்ளும் அகலமான தட்டு. 25 அங்குல நீளம், 8 அங்குல அகலம் என்பது பரவலாக விற்கும் அளவு. சுற்றிலும் அலுமினியக் குழாயில் சட்டம், நடுவே இழுத்துக் கட்டிய கெட்டியான ரப்பர் துணி. சட்டமே இல்லாமல் முழுக்க பிளாஸ்டிக்கில் வார்த்தவையும் உண்டு. பழைய வகைகளில் ஆஷ் மரத்தை ஆவியில் வேகவைத்து வளைத்து, பதப்படுத்தாத தோல்வாரால் பின்னியிருப்பார்கள். நம் கயிற்றுக் கட்டிலை ஓர் அடி அகலத்துக்குச் சுருக்கினால் எப்படியோ, அப்படி. வட அமெரிக்கப் பழங்குடிகள் செய்தது இது. ஜப்பானில் இதன் வட்ட வடிவத்தைக் கஞ்சிகி என்கிறார்கள்.

பொருளின் வேலை சொல்லிலேயே தெரிய வேண்டும். யோசனைகள் சொல்லுங்கள்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, வேலையிலிருந்தே தொடங்குவோம். ஆளும் மூட்டையும் சேர்ந்து 80 கிலோ. பூட்ஸின் அடிப்பரப்பு சுமார் 250 சதுர சென்டிமீட்டர். ஒற்றைக் காலில் நிற்கும்போது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 320 கிராம் தாங்க வேண்டும். நீங்கள் சொன்ன தட்டின் வளைந்த முனைகளைக் கழித்தால் 1,100 சதுர சென்டிமீட்டர் தேறும். சுமை 73 கிராமாகிவிடுகிறது, நாலில் ஒரு பங்குக்கும் கீழே. புதிதாக விழுந்த வெண்பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும். தண்ணீர் 1,000 கிலோ. அவ்வளவு பொசுபொசுப்பான ஒன்றின்மேல் நடக்க, பாரத்தைப் பரப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

இதே வேலையைச் செய்யும் பொருள் ஒன்று நம் வயலில் இருக்கிறது: பரம்பு. சேற்றுழவு முடிந்ததும் நீளப் பலகையை மாட்டில் பூட்டி, மேலே ஆள் ஏறி நின்று ஓட்டுவார். பலகை இல்லாமல் இறங்கினால் முழங்கால்வரை புதையும் அதே சேறு, பலகைமேல் நிற்பவரைத் தாங்கும். பாரத்தை முன்னே சாய்த்தால் பலகையின் முன்விளிம்பு சேற்றைக் குத்தும், பின்னே சாய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஸ்னோஷூவின் முன்முனையை மேல்நோக்கி வளைத்திருப்பதற்கும் இதுதான் காரணம், பனியில் குத்தக் கூடாது என்று. ஆகவே என் முன்மொழிவு: பரம்படி. பரம்பு போன்ற அடி.

பள்ளத்தூரிலிருந்து:

பரம்பு அருமை. பரம்படி ஆகாது. 'பரம்படிச்சாச்சா?' என்று வயலில் கேட்கிறோமே, அது பரம்பு அடிப்பது. கையேட்டில் 'பரம்படியை மாட்டுக' என்று வந்தால், ஊர்ப்பக்கத்து ஆள் மாட்டையும் ஏரையும்தான் நினைப்பார். ஏற்கெனவே வினையாக ஓடிக்கொண்டிருக்கும் சொல்லைப் பெயராக்கினால் இரண்டுமே கெடும்.

மிதவடி என்று சொல்லலாமா? ஆங்கிலக் கையேடுகளும் மிதத்தல் என்ற கருத்தையே வைத்துப் பேசுகின்றன. பாதக்குறடு என்ற பழஞ்சொல்லையும் பார்த்தேன், ஆனால் குறடு என்றால் இன்று பட்டறையில் இடுக்கிதான்.

கானாடுகாத்தான், இப்போது டென்வரிலிருந்து:

தம்பி, மிதவடி வேண்டாம். அது ஆபத்தான வாக்குறுதி. புதுப் பனியில் ஸ்னோஷூ போட்டாலும் ஒரு சாண் புதையத்தான் செய்யும். இடுப்புவரை போகாமல் கணுக்காலோடு நிற்கும், அவ்வளவே. மிதக்கும் என்று நம்பி வருகிறவர் சின்ன அளவை வாங்கிவிடுவார். ஆள் எடை மட்டும் கணக்கல்ல, உடுப்பு, மூட்டை, தண்ணீர் எல்லாம் சேர்த்துத்தான் அளவு பார்க்க வேண்டும். 80 கிலோவுக்கு மேல் போனால், அதுவும் பொடிப்பனி என்றால், 30 அங்குலத்துக்குப் போவதே நல்லது. நன்கு மிதிபட்ட தடத்துக்கு 22 போதும். நீளம் கூடினால் திரும்புவது கஷ்டம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இங்கே பனியின் மேற்பரப்பு நம் ஊர்க் கண்மாய் வற்றும்போது இருக்கிற மாதிரிதான். மேலே காய்ந்து ஏடு கட்டியிருக்கும், அடியில் சேறு அப்படியே கிடக்கும். பகலில் இளகிய பனி இரவில் இறுகி ஏடு பிடிக்கிறது. விடியற்காலை அந்த ஏடு ஆளைத் தாங்கும், உச்சிவேளையில் உடையும். காலையில் பூட்ஸோடு துள்ளிக்கொண்டு போனவர், திரும்பும்போது அடிக்கு ஒருமுறை தொடைவரை இறங்குவது இதனால்தான். இந்த அடுக்குக்குப் பனியேடு என்று பெயர் வையுங்கள், கையேட்டில் அடிக்கடி வரும்.

நான் பனிப்பரம்பு என்பதற்கு வாக்களிக்கிறேன். 'பனி' முன்னே வந்தால் வயல் பரம்போடு குழம்பாது.

காரைக்குடியிலிருந்து:

டென்வர் ஆச்சி சொன்னதே சரி. பனி என்பதில் மட்டும் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. இங்கே 'பனி பெய்யுது' என்றால் மார்கழி விடியலில் முற்றத்துத் தளம் நனைவதுதான். ஆனால் பனிச்சறுக்கு, பனிச்சரிவு எல்லாம் செய்தித்தாள்வரை வந்து வேரூன்றிவிட்டன. தனிச்சொல்லாக வரும் இடத்தில் வெண்பனி, கூட்டுச்சொல்லில் பனி என்று வைத்துக்கொள்கிறேன்.

நடக்கும் செயலுக்குப் பரம்புநடை. தீமிதி, பூமிதி போலப் பனிமிதி என்றும் ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் வெறும் பூட்ஸோடு நடப்பதும் பனிமிதிதானே.

இனி உறுப்புகள். சட்டம், விரிப்பு இரண்டிலும் சிக்கல் இல்லை. பாதத்தின் முன்பகுதிக்கு நேர் கீழே தட்டு அசையும் இடத்துக்குக் கீல். கதவுக்கும் பெட்டிக்கும் நாம் சொல்வதே. பூட்ஸைப் பிடிக்கும் வார்களின் தொகுதிக்கு வார்க்கட்டு. பின்பக்கம் வால். கீலுக்கு அடியில் இருக்கும் இரும்புப் பற்களுக்கும், குதிகாலைத் தூக்கிக் கொடுக்கும் கம்பிக்கும்தான் சொல் வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து:

பற்களுக்கு முள்லாடம். வெறும் லாடம் என்று சொல்ல முடியாது. மாட்டு லாடம் குளம்பு தேயாமல் காப்பது, இது பனிக்கட்டியில் குத்திப் பிடிப்பது. முள் சேர்ந்தால் வேலை விளங்கிவிடும்.

கம்பிக்குக் குதிமுட்டு. சாய்ந்த பந்தக்காலுக்கு முட்டுக் கொடுப்பதில்லையா, அதே முட்டு. செங்குத்தான ஏற்றத்தில் கம்பியை நிமிர்த்தினால் குதிகால் அதன்மேல் உட்காரும். பாதம் ஏறக்குறைய மட்டமாக நிற்பதால் கெண்டைக்கால் நரம்பு இழுக்காது.

கானாடுகாத்தான், டென்வரிலிருந்து:

இரண்டும் கச்சிதம். இப்போது கட்டும் முறையை இந்தச் சொற்களில் எழுதிப் பார்க்கிறேன், எங்கே இடிக்கிறது என்று சொல்லுங்கள்.

பனிப்பரம்பை வண்டியின் சூட்டிலிருந்து முன்கூட்டியே எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும். சூடான உலோகத்தில் பனி பட்டதும் இளகி, மறுபடி உறைந்து, முள்லாடத்தில் கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, பாதத்தின் முன்பந்து, அதாவது விரல்களுக்குப் பின்னுள்ள திரட்சி, கீலுக்கு நேர்மேலே வரும்படி வைக்கவும். பெருவிரல் முன்னே தள்ளிப்போனால் ஒவ்வோர் அடிக்கும் விரிப்பில் இடிக்கும். முதலில் விரல்பக்கத்து வார், அடுத்து புறங்கால் வார், கடைசியில் குதிவார். வாரின் மிச்ச நுனிகள் வெளிப்புறமாக இருக்கட்டும், உள்பக்கம் தொங்கினால் மறுகால் மிதித்துவிடும். காலைத் தூக்கிப் பார்க்கவும்: குதி மேலே வர, வால் தானாகக் கீழே தொங்க வேண்டும். அப்போதுதான் மேலே சேரும் பனி வழிந்து விழும். பத்து நிமிடம் நடந்ததும் வார்களை மறுபடி இறுக்கவும், குளிரில் கட்டாயம் தளர்ந்திருக்கும்.

நடையில் கால்களைச் சற்று அகட்டி வைத்தாலே போதும். பின்னோக்கி மட்டும் நடக்கக் கூடாது. தொங்கும் வால் பனியில் குத்தி ஆளை மல்லாக்கத் தள்ளும். திரும்ப வேண்டுமானால் வட்டமாகச் சுற்றி வரவும். குறுக்குச் சரிவில் கீல் பக்கவாட்டில் முறுகி வார்க்கட்டு கழன்றுகொள்ளும். அதனால் முடிந்தவரை நேராக ஏறி நேராக இறங்குவதே நல்லது. ஈரப்பனியில் முள்லாடத்தின் அடியில் பந்துபோலத் திரளும், ஊன்றுகோலால் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினால் உதிரும். மாற்று வார் ஒன்றும் நாலைந்து கேபிள் டையும் பையில் இருக்கட்டும். நடுவழியில் அறுவது பெரும்பாலும் வார்தான்.

பள்ளத்தூரிலிருந்து:

முதலில் போகிறவர் புதுப்பனியை மிதித்துத் தடம் போடுவதற்கு என்ன சொல்வது? முன்னேர் என்று எழுதலாமே. 'முன்னேர் போன வழியே பின்னேர்' என்பது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

டென்வரிலிருந்து:

கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முன்னேர் ஓட்டுபவரின் உழைப்பு பின்னால் வருகிறவரைவிடப் பல மடங்கு. ஐந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். முன்னவர் வேர்த்து உள்ளுடுப்பு நனைந்தால், நின்ற மறுகணமே குளிர் ஏறிக்கொள்ளும்.

காரைக்குடியிலிருந்து:

கையேட்டில் மாதிரி நடையாக கொலராடோ ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் எமரால்ட் ஏரி வருகிறது. பேர் ஏரிக்கரையில் சுமார் 2,890 மீட்டரில் தொடங்கி, நிம்ஃப், ட்ரீம் ஏரிகளைக் கடந்து 3,080 மீட்டருக்குப் போகிறது. ஒருவழி 3 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஏற்றம் 200 மீட்டர்.

இங்கே ஏரி என்ற சொல்லிலும் கொஞ்சம் நின்று யோசித்தேன். கரை போட்டுத் தேக்கியது ஏரி என்பது வடக்கத்தி மாவட்ட வழக்கு. நாம் அதைக் கண்மாய் என்கிறோம். எனவே நம் காதுக்கு ஏரி, இயற்கை நீர்நிலைக்கு ஒதுக்கக் காலியாகவே இருக்கிறது. சுனை எனலாம் என்றும் தோன்றியது. ஆனால் திருமயம் கோட்டைப் பாறையில் இருப்பது போன்ற சிறு குழிதான் சுனை என்றதும் மனத்தில் வரும். ஏரியே இருக்கட்டும்.

டென்வரிலிருந்து:

இந்தப் பகுதியில்தான் சொல் தவறக் கூடாது. மலை ஏரிகள் பெரும்பாலும் கிண்ணத்தின் அடியில் கிடப்பவை, மூன்று பக்கமும் செங்குத்துச் சுவர். பனிச்சரிவு கிளம்புவது பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வில். அது வந்து நிற்கும் இடம் அந்த ஏரியின் கரை. சோற்றுமூட்டையை அவிழ்க்க வசதியாகத் தெரியும் மட்டமான இடம் அதே கரைதான். பாறை முகட்டில் காற்று பனியை அடித்து அடித்து வெளியே நீட்டியிருக்கும். அதற்கு, வீட்டு ஓட்டு விளிம்பைச் சொல்வது போல, பனி இறவாரம் என்று பெயர் வைக்கலாம். அதன் நேர்கீழே நிற்கக் கூடாது, மேலே ஏறி விளிம்புக்கும் போகக் கூடாது. புறப்படும் அன்று காலை கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையத்தின் அறிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, துழாவு கம்பி, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். குழுவுக்கு ஒன்று என்பது கணக்காகாது, அதை வைத்திருப்பவரே புதைந்தால் யார் தோண்டுவது? புதைந்தவருக்கு முதல் கால்மணி நேரம்தான் நல்ல வாய்ப்பு.

ஏரி உறைந்திருக்கிறதே என்று இறங்கிவிடவும் கூடாது. தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் அதிக அடர்த்தி. அதனால் குளிர்ந்த நீர் மேலே தங்கி, மேலிருந்து கீழாக உறைகிறது. தெளிந்த கட்டி என்றால் நடக்க 10 சென்டிமீட்டராவது வேண்டும். பனி ஊறி உறைந்த வெள்ளைக் கட்டிக்கு வலு பாதிதான், எனவே 20 சென்டிமீட்டர். மேலே கனமாகப் பனி மூடியிருந்தால் அது போர்வை, அடியில் கட்டி மெலிந்தே இருக்கும். ஓடை சேரும் வாயிலும் வெளியேறும் மடையிலும் நீர் ஓடிக்கொண்டே இருப்பதால், நடுவில் யானையே நிற்கலாம் என்றாலும் அங்கே ஆள் நிற்க முடியாது. ஐயம் வந்தால் கரையைச் சுற்றிப் போகட்டும். கடந்தே தீர வேண்டுமென்றால், பையின் இடுப்பு வாரையும் ஊன்றுகோலின் கைவாரையும் கழற்றிவிட்டு, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நடக்கட்டும்.

காரைக்குடியிலிருந்து:

எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். இறக்கத்தைப் பற்றிய பத்தி இப்படி வருகிறது: 'திரும்பும் முன் குதிமுட்டை இறக்கவும். முழங்காலைச் சற்று மடக்கி, பாரத்தைக் குதியின் பக்கம் வைத்து, முள்லாடம் முழுதும் பதியும்படி மிதித்து இறங்கவும்.'

டென்வரிலிருந்து:

'குதிமுட்டை இறக்கவும்' வேண்டாம் அண்ணே, 'சாய்த்துவிடவும்' என்று எழுதுங்கள். அதே பத்தியில் இறங்கவும் என்று வருகிறது, களைத்துப்போய்ப் படிக்கிறவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார். நிமிர்ந்த முட்டோடு இறங்கினால் குதி உயர்ந்து ஆள் முன்னே குப்புற விழுவார்.