வேர் பார்க்கும் பெட்டி: 3 வாரமாகியும் ஒரு வேர்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை, உதவுங்கள்

பெரம்பூர் டீச்சர்:
வணக்கம். நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். பள்ளித் தோட்டத்துக்காக வேர் பார்க்கும் பெட்டி ஒன்று செய்தோம். 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 6 அங்குல ஆழம். மூன்று பக்கமும் அடியும் மரைன் பிளைவுட், முன்பக்கம் 5 மி.மீ. அக்ரிலிக் ஷீட். பாரிமுனையில் அளவு சொல்லி வெட்டி வாங்கினேன். செம்மண் நிரப்பி கேரட், முள்ளங்கி, காராமணி விதைத்தோம். கேரட் முளைக்கவே இல்லை. மற்ற இரண்டும் மேலே நன்றாக வளர்ந்திருக்கின்றன. ஆனால் ஷீட் வழியாகப் பார்த்தால் வெறும் மண்தான், ஓரத்தில் பச்சையாகப் பாசி வேறு. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் பிரேயருக்கு முன்னாலேயே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் வரல டீச்சர்" என்கிறான். அந்தக் குழந்தைகளுக்கு எப்படியாவது வேரைக் காட்டிவிட வேண்டும். எங்கே தவறு?

ஆதம்பாக்கம் மாடித்தோட்டம்:
பெட்டியை நேராக நிறுத்தியிருக்கிறீர்களா, சாய்த்தா?

பெரம்பூர் டீச்சர்:
சாய்த்துத்தான். பின்பக்கம் சுவரில் சாய்ந்திருக்கிறது, ஷீட் லேசாக வானத்தைப் பார்த்த மாதிரி. குழந்தைகள் குனியாமல் பார்க்க வசதி என்று அப்படி வைத்தேன்.

ஆதம்பாக்கம் மாடித்தோட்டம்:
அதுதான் மேடம் காரணம். வேர் நேர் கீழாக இறங்கும். ஷீட் மேல்பக்கமாக இருந்தால் வேர் ஒவ்வொரு நாளும் அதைவிட்டு விலகி உள்ளேதான் போகும். சாய்வைத் திருப்பிப் போடுங்கள். ஷீட்டின் மேல் விளிம்பு நம்மை நோக்கி வெளியே வர வேண்டும், கீழ் விளிம்பு உள்ளே போக வேண்டும். அப்போது இறங்குகிற வேர் ஷீட்டில் முட்டி, அதை ஒட்டியே வழுக்கிக்கொண்டு போகும். 15 டிகிரி போதும். உங்கள் 6 அங்குல ஆழத்துக்குப் பின்பக்க அடியில் ஒன்றரை அங்குல உயரத்துக்கு ஆப்பு கொடுத்தால் ஏறக்குறைய அந்தச் சாய்வு வந்துவிடும்.

ஒன்று மட்டும் கவனம். ஈர மண்ணோடு அந்தப் பெட்டி 40 கிலோவுக்குக் குறையாது, முன்னால் சாய்ந்து வேறு நிற்கிறது. மேலே இரண்டு இடத்தில் எல்-கிளாம்ப் போட்டுச் சுவரோடு முடுக்காமல் குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். புதிதாகச் செய்பவர்கள் மேல்வாய் 8 அங்குலம், அடி 3 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் பெட்டி நேராகவே நிற்கும், சாய்வு தன்னால் கிடைக்கும்.

பணி ஓய்வு தாவரவியல்:
சரியாகச் சொன்னார். ஒன்பதாம் வகுப்பில் வரும் புவிச்சார்பசைவு இதுதான். வேர்நுனியை மூடியிருக்கும் வேர்மூடியில் உள்ள மாவுமணிகள் கனத்தால் செல்லின் அடியில் படியும். எது கீழ்த்திசை என்று வேருக்குத் தெரிவது அதனால்தான். வேர்நுனிதான் இதை உணர்கிறது என்று டார்வின் 1880-லேயே எழுதிவிட்டார். பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக விதையுங்கள். உள்ளே போன வேர் திரும்பி வராது.

கேரட்டை விட்டுவிடுங்கள், அது மலைக்காய். சென்னை வெயிலுக்கு பூசா சேத்கி முள்ளங்கி தாங்கும், 40, 45 நாளில் கிழங்கு பார்க்கலாம். காராமணியைக் கட்டாயம் வையுங்கள் அம்மா. மூன்று நான்கு வாரத்தில் அதன் வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள் வரும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருவதற்கான அடையாளம் அந்த நிறம். பாடப் புத்தகத்துப் படத்தில் இது கிடைக்காது.

திருவான்மியூர் பசுமை:
பாசிக்குக் காரணம் வெளிச்சம். வேரும் வெளிச்சத்தை விட்டு ஒதுங்கும். பார்க்கிற ஐந்து நிமிடம் தவிர ஷீட்டை மூடியே வையுங்கள். வெறும் கறுப்பு அட்டை போட்டால் நம் வெயிலில் கொதித்து வேர் வெந்துவிடும். ஷீட்டின் வெளிப்பக்கம் ஒட்டினாற்போல் கறுப்புத் துணி, அதன்மேல் தெர்மாகோல். மேற்கு வெயில் படாத வராந்தா நல்லது. ஷீட்டைத் துடைக்கத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும், தின்னர் பட்டால் வெடிப்பு விடும்.

செம்மண் மட்டும் போட்டால் இறுகிவிடும். செம்மண், கழுவிய தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. நான்கு விரல் உயரத்துக்கு ஒரு தடவை நிரப்பி, தண்ணீர் தெளித்து, பிறகு அடுத்தது. இல்லாவிட்டால் மண் அமுங்கி ஷீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழும். விதை ஷீட்டிலிருந்து ஒரு அங்குலத்துக்குள் இருக்கட்டும்.

பெரம்பூர் டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். வடிகால் துளை பின்பக்கமாகப் போட்டிருக்கிறேன். இப்போது முன்னால் சாய்த்தால்?

ஆதம்பாக்கம் மாடித்தோட்டம்:
நல்ல வேளை கேட்டீர்கள். தண்ணீர் ஷீட்டின் அடியில் தேங்கி, நீங்கள் பார்க்க வேண்டிய வேர்தான் முதலில் அழுகும். முன் விளிம்பை ஒட்டி ஐந்தாறு துளை போட்டு, உள்ளே கொசுவலைத் துண்டு வையுங்கள்.

பெரம்பூர் டீச்சர் (26 நாள் கழித்து):
வந்துவிட்டது! ஆறாம் நாளே காராமணியின் முதல் வேர் ஷீட்டில் முட்டியது. நுனிக்குக் கொஞ்சம் மேலே, ஈர மண்ணில் பூஞ்சை படர்ந்த மாதிரி வெள்ளையாக மயிரிழை. வேர்த்தூவி என்று கரும்பலகையில் எத்தனை வருடம் வரைந்திருப்பேன், இவ்வளவு அருகில் நானே இப்போதுதான் பார்க்கிறேன். அக்ரிலிக்மேல் ஓ.எச்.பி. ஷீட் (கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தாள்) ஒட்டி, பிள்ளைகள் வாரம் ஒரு நிறத்தில் வேரை வரைகிறார்கள். அப்படியே எடுத்துத் தேதி போட்டு வைத்துவிடுகிறோம். நேற்று முடிச்சைக் கிள்ளிப் பார்த்தோம், இளஞ்சிவப்புதான் சார். அந்தப் பையன் பெட்டியைப் பொறுப்பெடுத்துக்கொண்டான். துணியை மூடாமல் யாரும் வகுப்புக்குப் போகக் கூடாதாம்.