ஏசி பேனல் பல்பு போச்சு: சாதா பல்பா, எல்இடியா?

ராத்திரி_வண்டி:
2009 மாடல் ஹேட்ச்பேக். ஏசி பேனலில் மூன்று திருகு பட்டன்கள் உண்டு. இரவில் நடுவில் இருப்பது மட்டும் எரிகிறது, இரண்டு பக்கமும் இருட்டு. மீட்டரிலும் பெட்ரோல் முள் இருக்கும் பக்கம் அணைந்துவிட்டது. கழற்றும்போதே மொத்தமும் எல்இடி போட்டுவிடலாம் என்கிறார் வயரிங் கடைக்காரர். வண்டியோடு வந்த மாதிரி பல்பே போதும் என்கிறார் அண்ணன். யார் சொல்வதைக் கேட்பது?

கோவை_வெளிச்சம்:
எல்இடிதான், யோசிக்க ஒன்றுமில்லை. இந்த இடங்களில் பெரும்பாலும் டி5 (சுமார் 5 மில்லிமீட்டர் தடிமன்) அல்லது அதைவிடச் சின்ன பல்பு இருக்கும். 12 வோல்ட்டில் 1.2 வாட் என்றால் 0.1 ஆம்பியர் இழுக்கும். அதில் வெளிச்சமாவது கொஞ்சம்தான், மீதியெல்லாம் சூடு. ஹோல்டர் பழுப்பேறுவதும் பல்பின் மேல் மாட்டியிருக்கும் நிறத்தொப்பி வெளிறுவதும் அந்தச் சூட்டில்தான். எல்இடிக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு கரண்ட் போதும். தவிர, இந்த வேலையில் பல்பு விலை ஒரு பொருட்டே இல்லை. டேஷ்போர்டைப் பிரிப்பதுதான் பாடு. வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் கிளிப் கழற்றும்போதெல்லாம் ஒன்றிரண்டு உடையும். திரும்பப் பிரிக்கத் தேவையில்லாத மாதிரி ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும்.

பழைய_இரும்பு:
அப்படிச் சொல்லித்தான் போடுகிறார்கள், அப்புறம் மினுக்குகிறது என்று வந்து நிற்கிறார்கள். பாக்கெட்டில் பத்து பத்தாக வரும் மலிவு எல்இடியை வைத்துக்கொண்டு ஆயுளைப் பற்றிப் பேசாதீர்கள் நண்பரே. வண்டியோடு வந்த பல்பு இத்தனை வருடம் எரிந்திருக்கிறதே!

ஆயுளை விடுங்கள், வெளிச்சத்தையே எடுத்துக்கொள்வோம். சாதா பல்பு நாலாபக்கமும் ஒளி வீசும். பேனலின் உட்புறம் அந்த ஒளியை வாங்கிப் பரப்பும்படி செய்யப்பட்டது. முனையில் மட்டும் சிப் (ஒளி தரும் புள்ளி) உள்ள எல்இடியைச் சொருகினால் நேர் எதிரே ஒரு வட்டம் பளீரென்று தெரியும், ஓரத்தில் இருக்கும் எழுத்துகள் இருட்டில் கிடக்கும். நிறமும் கெடும். பச்சைத் தொப்பி, நீலத் தொப்பி எல்லாம் சாதா பல்பின் மஞ்சள் ஒளிக்குக் கணக்குப் பண்ணி வைத்தவை. வெள்ளை எல்இடியில் நீலம் தூக்கல். தொப்பி வழியே என்ன நிறம் வரும் என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

கோவை_வெளிச்சம்:
வாங்கத் தெரியாமல் வாங்கினால் அப்படித்தான். பக்கவாட்டிலும் சிப் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். பச்சைப் பேனல் என்றால் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பச்சை எல்இடியே போடலாம். எரியவில்லையா, பிடுங்கித் திருப்பிச் சொருகுங்கள். எல்இடிக்குப் பிளஸ் மைனஸ் உண்டு, சாதா பல்புக்கு இல்லை. இது தெரியாமல் நல்ல எல்இடியைக் குப்பையில் போட்டவர்கள் அதிகம்.

பழைய_இரும்பு:
பேனல் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரைச் சொல்லவில்லையே? திருகினால் மின்தடை மாறும் பழைய ரியோஸ்டாட் டிம்மர் உள்ள வண்டியில் சாதா பல்பு மெல்ல மெல்ல மங்கும். பல எல்இடிகள் கொஞ்ச தூரம் அப்படியே எரிந்துவிட்டு, சட்டென்று அணைந்துவிடும். இரவு நெடுஞ்சாலையில் கண்ணுக்கு எதிரே குறைக்க முடியாத வெளிச்சம் இருப்பது வசதி இல்லை, தொல்லை.

புது_ஓட்டுநர்:
எந்த பல்பு போட்டாலும் கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்டால் வெடிக்கும்.

வயரிங்_வாத்தியார்:
தம்பி, அது ஹெட்லைட்டில் வரும் ஹாலஜன் பல்புக்கு. ஒரு வாட் பல்புக்கு அந்தப் பயம் வேண்டாம், சுத்தமான கையால் பிடித்தால் போதும்.

இரண்டு பேரும் டேஷ்போர்டில் உள்ள எல்லா பல்பையும் ஒரே சாதியாக நினைத்துப் பேசுகிறீர்கள். எழுத்தைக் காட்ட எரியும் பல்பு வேறு, எச்சரிக்கை பல்பு வேறு. முதல் வகையில் எல்இடியோ சாதாவோ, உங்கள் விருப்பம். இரண்டாவது வகையில், முக்கியமாகப் பேட்டரி படம் போட்ட சார்ஜ் பல்பில் கை வைக்காதீர்கள். பல பழைய வண்டிகளில் அது வெறும் அறிவிப்பு விளக்கு இல்லை. சாவியைத் திருப்பியதும் அந்த பல்பு வழியாகத்தான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் ரோட்டருக்கு, அதாவது உள்ளே சுற்றும் சுருளுக்கு, முதல் கரண்ட் போகும், அதில்தான் காந்தம் ஏறும். ஆல்டர்னேட்டர் மின்சாரம் தர ஆரம்பித்ததும் பல்பின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே வோல்ட்டேஜ் வந்துவிடும், அதனால்தான் அது அணைகிறது. 2 வாட் பல்பு என்றால் சுமார் 170 மில்லி ஆம்பியர் போகும். அங்கே 20 மில்லி ஆம்பியர் எல்இடியைப் போட்டால் என்ன ஆகும்? சில வண்டிகள் ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்த பிறகே சார்ஜ் ஏற்றும். சில ஏற்றவே ஏற்றாது. ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கி மாட்டியவர்களும் உண்டு.

கோவை_வெளிச்சம்:
என் வண்டியில் மீட்டர் முழுக்க எல்இடிதான். சார்ஜ் நன்றாகவே ஏறுகிறது வாத்தியாரே.

வயரிங்_வாத்தியார்:
ஏறும். மீட்டர் போர்டிலேயே அந்த பல்புக்கு இணையாக, கரண்ட் போக இன்னொரு வழியாக, ரெசிஸ்டர் வைத்த வண்டிகள் உண்டு. புது வண்டிகளில் கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டரைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் வண்டி அதில் எது என்று பார்த்துவிட்டா போட்டீர்கள்?

கோவை_வெளிச்சம்:
சரி, சார்ஜ் பல்பை விட்டுவிடலாம். ஆனால் கேட்டவர் ஏசி பேனலைத்தானே கேட்டார்? அங்கே எல்இடிதான் என்பதில் மாற்றமில்லை.

ராத்திரி_வண்டி:
நன்றி வாத்தியாரே. போன பல்பை மட்டும் மாற்றினால் போதுமா, மொத்தமும் மாற்ற வேண்டுமா?

பழைய_இரும்பு:
எரிகிற பல்பை எதற்குத் தொட வேண்டும்? இன்று கடையில் கிடைப்பதைவிட வண்டியோடு வந்தது தரம். போனதை மட்டும் மாற்றுங்கள்.

வயரிங்_வாத்தியார்:
இதில் நான் கோவைக்காரர் கட்சி. எல்லாம் ஒரே வயது பல்புகள், இரண்டு போனால் மூன்றாவதும் வரிசையில் நிற்கிறது என்று அர்த்தம். மேலும், கருத்துப்போன பழையதன் பக்கத்தில் புதியது எரிந்தால் பேனல் ஒருபக்கம் பிரகாசமாக, பார்க்கவே கோணலாக இருக்கும்.

வேலையில் இறங்கும் முன் ஒரு விஷயம். பேனல் முழுக்க இருண்டிருந்தால் முதலில் ஃபியூஸைப் பார்க்கச் சொல்லியிருப்பேன், பல வண்டிகளில் டெயில் லாம்ப்புக்கும் அதற்கும் ஒரே ஃபியூஸ். உங்களுக்கு ஒன்று எரிவதால் பல்புதான். உறுதி செய்ய, எரிகிற பல்பை இருண்ட ஹோல்டரில் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் பிரியுங்கள். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் சில நிமிடம் காத்திருந்து தொடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாமல் பிளாஸ்டிக் பட்டையால் நெம்புங்கள். பேனலுக்குப் பின்னால் கேபிள் இருந்தால் மடங்க விடாதீர்கள். ஹோல்டர் இல்லாமல் பல்பு போர்டிலேயே பற்றவைத்திருந்தால் சால்டரிங் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

பல்புகள் அடிக்கடி போனால் வண்டியை ஓட விட்டு வோல்ட்டேஜ் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை சரி. 15ஐத் தாண்டினால் அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு. வோல்ட்டேஜ் 5 சதவீதம் கூடினாலே சாதா பல்பின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

பழைய_இரும்பு:
அப்படியானால் டிம்மரை ஒரு புள்ளி குறைத்து ஓட்டினால் சாதா பல்பே பல வருடம் வருமே! பிறகு எல்இடி எதற்கு?

கோவை_வெளிச்சம்:
இருட்டில் ஓட்டினால் பல்பு போகாது, சரிதான் அண்ணே. ராத்திரி_வண்டி, பேனலை மூடும் முன் லைட்டைப் போட்டு எல்லாம் எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். தொப்பி என்ன நிறம் என்றும் எழுதுங்கள், அதற்கேற்ற எல்இடி சொல்கிறேன்.

ராத்திரி_வண்டி:
தொப்பி பச்சை. ஞாயிற்றுக்கிழமை பிரிக்கிறேன், சாதா பல்பிலும் ஒரு செட் வாங்கி வைத்திருக்கிறேன்.