சுங்கை சிப்புட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கப்போகிறோம், கூத்து ஜமாவுக்கு வழி சொல்லுங்கள்

கேள்வி: செய்யாற்றுக் கூத்துக்காரன்

அன்பர்களுக்கு வணக்கம். நான் தெருக்கூத்தில் பெண்வேஷம் கட்டுகிறவன். எங்கள் ஜமா, அதாவது கூத்துக் குழு, வருகிற ஆடி மாதம் மலேசியா போகிறது. பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் கூத்து. விடுதி ஏற்பாடு இல்லை. கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் எங்களை வீட்டுக்கு இருவராகப் பிரித்துத் தங்கவைக்கிறார்கள். எனக்கும், முகவீணை என்கிற ஊதுகுழலை வாசிக்கும் எங்கள் வாத்தியாருக்கும் ஒரே வீடு. அங்கே கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி.

உள்ளூரில் கூத்து முடிந்த காலையில் பள்ளிக்கூடத் திண்ணையிலோ சத்திரத்திலோ துண்டை விரித்துப் படுத்துவிடுவோம். யாருக்கும் தொந்தரவு இல்லை. இப்போது ஒரு குடும்பத்தின் நடுவே போய் இருக்க வேண்டும். விடிந்த பிறகுதான் நாங்கள் தூங்குவோம். அரிதாரத்தை எவ்வளவு துடைத்தாலும் காதோரம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். வேஷத்துக்காக நான் முடி வளர்த்திருக்கிறேன். வாத்தியாருக்கு வெற்றிலை இல்லாமல் ஒரு மணி நேரம் போகாது, தினமும் வாசித்துச் சாதகமும் செய்ய வேண்டும். தங்குவதற்குப் பணம் கொடுக்கலாமா என்றும் தெரியவில்லை. அந்த வீட்டாருக்கு ஒரு குறையும் வைக்காமல் திரும்ப வேண்டும் என்பதுதான் என் ஆசை. அங்கே இருப்பவர்களோ, இப்படித் தங்கியவர்களோ சொல்லுங்கள்.

பதில்: சிப்புட் தாமான்வாசி

தம்பி, நான் பிறந்தது சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அம்மா பால்மரம் சீவியவர். மரங்களை அழித்துச் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனையை நட்ட பிறகு, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயன் வீட்டை விட்டு டவுனை ஒட்டிய தாமானுக்கு, அதாவது வீடமைப்புக் குடியிருப்புக்கு, வந்துவிட்டோம். திருவிழாவுக்கு வருகிற மேளக்காரர்களும் நடனப் பிள்ளைகளும் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். அதனால் வீட்டுக்காரியின் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

தூக்கத்தைப் பற்றி இப்போதே, புறப்படுவதற்கு முன்னாலேயே அந்த அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இங்கே ஏழு மணி தாண்டித்தான் சூரியன் உதிக்கும். விடியும் வரை ஆடிவிட்டு நீங்கள் வந்து சேரும்போது வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருப்பார், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். சனி ஞாயிறு என்றால் வீடு நிறைய உறவினர் இருப்பார்கள். கோலாலம்பூரில் வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாம் திருவிழாவுக்கு ஊர் திரும்புவார்கள். உங்களுக்கென்று ஒதுக்கிய அறை அவர்களில் ஒருவருடைய அறையாகவும் இருக்கலாம். நீங்கள் தூங்கப்போகும் நேரம் தெரிந்தால் எந்த அறையைக் கொடுப்பது, யார் கூடத்தில் படுப்பது என்று அவர்கள் முன்கூட்டியே முடிவு செய்வார்கள். சொல்லாமல் வந்தால் அந்த அம்மா உங்களுக்காகப் பசியாறச் சமைத்து வைத்துவிட்டு, எழுப்புவதா வேண்டாமா என்று மதியம் வரை கதவைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எழுந்த பிறகு சாப்பிட்டுக்கொள்கிறோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வாசற்கதவுக்கு வெளியே இரும்புக் கம்பிக் கதவும் அதற்கு வெளியே கேட்டும் இருக்கும். இரண்டையும் பூட்டியே வைப்போம். எந்தச் சாவி எதற்கு என்பதை முதல் நாள் பகலிலேயே கேட்டுத் திறந்து பழகிக்கொள்ளுங்கள். தலையணை உறையும் துண்டும் ஊரிலிருந்து பழையதாகக் கொண்டு வாருங்கள். இங்கே விருந்தாளிக்கு வெள்ளைத் துண்டை எடுத்துக் கொடுப்பார்கள், அதில் அரிதாரச் சிவப்பு ஏறினால் போகாது. முகத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுக் கோயிலிலேயே துடைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

முடிக்காக நீங்கள் ஏன் தயங்குகிறீர்கள்? தைப்பூசத்துக்கு நேர்ந்துகொண்டு முடி வளர்க்கிற ஆண்களைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். பிள்ளைகள் கேட்டால் எந்த வேஷத்துக்காக என்று சொல்லுங்கள். என் தங்கை மகன் ஒரு கலைஞரின் சடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

வாத்தியார் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். தாமான் வீடுகள் வரிசை வீடுகள், சுவரோடு சுவர். அடுத்த வீடு மலாய்க் குடும்பமோ சீனக் குடும்பமோ இருக்கும். இரவுப் பணி முடிந்து பகலில் தூங்குகிறவர்கள் இருப்பார்கள், கைக்குழந்தை இருக்கும். முகவீணை சின்ன வாத்தியம்தான், ஆனால் அதன் ஒலி கூர்மையானது. சாதகத்தைக் கோயில் மண்டபத்தில் வைத்துக்கொள்ளட்டும். சொன்னால் யாராவது காரில் கொண்டுபோய் விடுவார்கள். வெற்றிலை டவுனிலேயே கிடைக்கும். துப்புவதற்கு மூடி போட்ட டப்பா ஒன்று அவர் கையோடு இருக்கட்டும், சாக்கடையில் துப்ப வேண்டாம்.

பணம் கொடுக்காதீர்கள், தம்பி. தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போவதும் வேண்டாம். ஒரு குழுவினர் அப்படி வைத்துவிட்டுப் போனதில் எங்கள் மாமியார் வெகுநாள் மனம் நொந்து போனார். உங்கள் கூத்தில் கட்டியக்காரர் உபயக்காரர்களின் பெயரைச் சொல்வார் அல்லவா? சோறு போட்டு இடம் கொடுத்த குடும்பங்களின் பெயர்களையும் கூத்தாடும் களரியில் சொல்லச் சொல்லுங்கள். ஊர் முன்னால் தன் பெயரைக் கேட்ட மகிழ்ச்சியில் அந்த வீட்டுக்காரர் வருடக்கணக்கில் அதைப் பேசுவார். அருணாசலேசுவரர் கோயில் விபூதியும் குங்குமமும் கொண்டு வாருங்கள். விதை, செடி, மண் எதுவும் வேண்டாம், அவற்றுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும்.

காப்புக் கட்டியதிலிருந்து திருவிழா முடியும் வரை பெரும்பாலான வீடுகளில் சைவம்தான். தீ மிதிக்கிறவர் இருக்கிற வீடு என்றால் இன்னும் கண்டிப்பு. வெளியே கடையில் கோழி சாப்பிட்டாலும் பொட்டலத்தை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள்.

எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது பாட்டியைத்தான். மாலை வேஷம் கட்டப் போவதற்கு முன் உங்களுக்குக் கிடைக்கிற நேரத்தைக் கைப்பேசிக்குக் கொடுக்காமல் அவருக்குக் கொடுங்கள். எங்கள் ஊர்க்காரர்களில் வடார்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூரிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் நிறையப் பேர். உங்கள் பேச்சைக் கேட்டதும் பாட்டிக்குத் தன் அப்பாவின் பேச்சு நினைவுக்கு வரும். 1948-இல் இங்கே தோட்டத் துரைகள் சுடப்பட்டு அவசரகாலம் வந்தது, பிறகு வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள், வேலை இழந்தவர்களுக்காக இந்த ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தொழிலாளர் காசிலேயே தோட்டம் வாங்கினார். இதையெல்லாம் உடன் இருந்து பார்த்தவர்கள் இன்று மிகச் சிலர். கேட்க ஆள் இல்லாமல் அந்தக் கதைகளை உள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

பதில்: தண்ணுமை, திருச்சி

நான் நாட்டியக் குழுவோடு மிருதங்கம் வாசிக்கப் போகிறவன். அக்கா சொன்னதற்கு மேல் வீட்டைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. காகித வேலையை மட்டும் சொல்கிறேன்.

இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் விசா விலக்கு இருக்கிறது. அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு. மேடை ஏறும் வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு புஸ்பால் என்ற அரசுக் குழுவின் ஒப்புதலும் குடிநுழைவுத் துறையின் அனுமதியும் வேண்டும், விண்ணப்பத்தை மலேசியாவில் உள்ள ஏற்பாட்டாளர்தான் போட வேண்டும். கோயில் நிகழ்ச்சிதானே என்று யாராவது சொன்னால் நம்பிவிடாமல் அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பாருங்கள், ஒரு நகலைக் கையில் வைத்திருங்கள்.

வருகைக்கான மின்னியல் அட்டையை, இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதில் தங்கும் முகவரி கேட்பார்கள். விடுதி இல்லாததால் அந்த வீட்டின் முழு முகவரியையும் வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணையும் ஜமாவில் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதி வைத்திருங்கள். அதிகாரி உங்கள் வாத்தியாரை மட்டும் தனியாகக் கேட்டால் அவரும் சொல்ல வேண்டும்.

அங்கே மின்செருகி மூன்று பட்டை முனைகள் கொண்டது, நம் வட்ட முனைகள் நுழையாது. மிருதங்கத்தைக் கட்டில் ஓரத்தில் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மழையும் புழுக்கமும் தோலைத் தளர்த்திவிடும். குளிர்சாதன அறையிலிருந்து நேரே களரிக்கு எடுத்துப் போனாலும் சுருதி நிற்காது, முன்னதாகவே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: செய்யாற்றுக் கூத்துக்காரன்

அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. அக்கா எழுதியதைப் படித்துவிட்டு அன்றே அந்த அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். தூங்கும் நேரம், அரிதாரம், வெற்றிலை எல்லாவற்றையும் சொன்னேன். பின்புற அறையை எங்களுக்கு ஒதுக்குவதாகப் பதில் வந்தது. கூடவே பாட்டி பேசிய ஒலிப்பதிவு ஒன்றும் வந்தது. அவருடைய அப்பா வந்தவாசிப் பக்கமாம். ஊர்ப் பெயரை அவர் சொல்கிற மாதிரி எங்கள் பக்கம் ஊர் எதுவும் இல்லை. ‘நீ எங்கள் ஊரைக் கண்டுபிடித்துவிட்டு வா, அங்கே யார் இருக்கிறார்கள் என்று சொல்’ என்கிறார். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் இருக்கிறேன்.

பதில்: சிப்புட் தாமான்வாசி

கண்டுபிடிக்கிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள் தம்பி. தோட்ட வேலைக்கு இங்கே ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-இலேயே நிறுத்திவிட்டது. அவருடைய அப்பா அதற்கு முன்னால் வந்திருப்பார். அத்தனை காலத்துக்குப் பிறகு அங்கே யார் இருக்கிறார்கள், இல்லை என்று உங்களால் சொல்ல முடியாது. தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி தேடுங்கள்.

ஊர்ப் பெயரோடு நிறுத்திவிடாமல் குலதெய்வம் எது, பக்கத்தில் ஏரியா ஆறா, எந்தச் சந்தைக்குப் போவார்கள், கப்பலேறியது நாகப்பட்டினத்திலா சென்னையிலா என்று கேளுங்கள். அப்பா வைத்திருந்த பழைய காகிதம் ஏதாவது பெட்டியில் இருக்கிறதா என்று வீட்டுக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். கிராமம், தாலுகா என்று அதில் எழுதியிருக்கலாம், எழுத்து மாறிப்போய் இருக்கும். எங்கள் சித்தப்பா குடும்பத்துக்குக் குலதெய்வத்தின் பெயரை வைத்துத்தான் ஊர் தெரிந்தது. உங்கள் ஜமா ஊர் ஊராகப் போகிறது, கோயில் பூசாரிகளிடம் விசாரிக்க உங்களைவிடத் தோதான ஆள் யார்?

கிடைத்தால் ஏரிக்கரையையும் கோயிலையும் படம் எடுத்து அச்சுப் போட்டுக் கொண்டு வாருங்கள். கைப்பேசியில் காட்டினால் சின்னப் படம் பாட்டியின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கிடைக்காவிட்டால் அதையும் நேரில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள், எங்கெங்கே தேடினீர்கள் என்பதோடு.